குண்டனைத் தொட்ட கை

பாப்பாவுக்கு,

அம்மாகூடப் போகும்போது நீ என்கிட்ட விட்டுட்டுப் போன தவளை, நம்ம குண்டன், நாலு நாளா ஒண்ணும் தின்னல. வயித்துத் தோல் சிவந்து உரியுது. நீ போனதுலேருந்து, பாவம் தனியா இருக்கேன்னு தினமும் வேலை விட்டு வந்ததும் கையில எடுத்துத் தடவிக் கொடுத்தேன்.

இன்னைக்கு மிருக டாக்டர் என் கையை மோந்து பார்த்தாரு.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆஸ்பத்திரித் துணி வெளுக்கறேன்."

"அந்த பிளீச்சிங் பவுடர்தான் எரிச்சல் குடுத்திருக்கு. தவளை தோல் வழியாதான் தண்ணி குடிக்கும். இனிமே தொடாதீங்க. பொழைக்கிறது சந்தேகம்தான்."

எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போக மாட்டேங்குது.

போன மாசம் நீ வந்தப்போ உன் கன்னத்தைத் தொட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்ட. உனக்கும் எரிஞ்சுதாம்மா? ஆமான்னு மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

உன் அப்பா