கோயமுத்தூர், இப்பவே

இன்று மதியம் கோயமுத்தூரில் விமானக் கதவைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து என் கையிலிருந்த தாள்களை வாரிக்கொண்டு போனது. வாளையார்க் கணவாய் வழியாக வரும் ஆனி மாதத்துக் காற்று, அதே ஈரமும் புழுதியும் கலந்த வாசனை. "எங்கூர்க் காத்துங்க கேப்டன், டிக்கெட் எடுக்காமயே ஏறிக்கும்" என்பீர்கள். தாள் பொறுக்கக் குனிந்தவள் உங்கள் நினைவு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் நீங்கள். வேறொரு விமானக் கம்பெனியில் பதினைந்து வருடம் கேப்டனாக இருந்தவர். அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டதும் எங்களிடம் வந்தீர்கள். இங்கே சேர்ந்த தேதிதான் கணக்கு என்று சொல்லி உங்களைத் துணை விமானியாக வலது இருக்கையில் உட்கார வைத்தார்கள். இடது இருக்கையில் நான். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. உங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. முதல் நாளே "ஏனுங்க கேப்டன், வண்டிப்பெரியாருங்களா? அப்ப வளைவுல ஜீப்பு ஓட்டற மாதிரி ஓட்டுவீங்களே!" என்று சிரித்தீர்கள். சார் என்று கூப்பிட ஆரம்பித்த நான் இறங்குவதற்குள் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டேன்.

அப்பப்பா, என்ன பேச்சு பேசுவீர்கள்! யார் எந்தக் கம்பெனிக்குத் தாவுகிறார், யாருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது, எரிபொருள் விலை ஏன் ஏறுகிறது, எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு கருத்து உண்டு. வாளையாருக்கு அந்தப் பக்கம் குடியிருந்து, கேரளத்தில் ஓட்டுப் போட்டுவிட்டுத் தமிழ்நாட்டு அரசியலுக்குச் சண்டை பிடிப்பீர்கள். பெரியாறு அணையைப் பற்றி நீங்கள் வாய் திறந்தால் நான் விடமாட்டேன். "அணைக்குக் கீழ குடியிருக்கிறது நாங்கண்ணே, சும்மா இருங்க" என்பேன். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலை தவிர வேறு பேசக் கூடாது என்பது விதி. இறங்கும்போது அந்த உயரம் வந்ததும், "அதனாலீங்க அந்த மந்திரி என்ன பண்ணுனாருன்னா" என்று பாதியில் நிறுத்திவிடுவீர்கள். இன்ஜினை அணைத்த பிறகு, "ராஜினாமா பண்ணீட்டாருங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவீர்கள். எனக்குச் சிரிப்பு அடங்காது.

அந்த வருடம் எரிபொருள் விலை எகிறியது. திட்டத்துக்கு மேல் எரிபொருள் நிரப்பும் கேப்டன்களின் பெயரை மாதாமாதம் எல்லோருக்கும் அனுப்ப ஆரம்பித்தார்கள். எனக்கோ பயிற்சியாளர் பதவிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கு இரண்டே வாரத்தில் கேப்டன் பதவி திரும்பக் கிடைப்பதாக இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் மும்பையிலிருந்து கொச்சிக்குப் போனோம். மழை விவரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆயிரம் கிலோ சேத்திப் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டீர்கள். "எம்பேரு அந்த லிஸ்ட்டுல வரணுமாண்ணே? போதும்" என்று கையெழுத்துப் போட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கொச்சியில் மழை கொட்டியது. ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமல் மறுபடி மேலே ஏறினோம். இன்னொரு தடவை முயன்றால் இறங்கிவிடலாம் என்று எனக்கு ஒரு வீம்பு.

"கோயமுத்தூர் போயரலாமுங்க கேப்டன்."

"இன்னொரு தடவை பாத்துருவோம்ண்ணே, இப்ப தெரிஞ்சிரும்."

"கோயமுத்தூர். இப்பவே."

உங்கள் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை. மறுபேச்சுப் பேசாமல் திருப்பினேன். இறங்கியபோது, இதற்கு மேல் தொடக் கூடாது என்று வைத்திருக்கும் கடைசி இருப்புக்குக் கொஞ்சம் மேலேதான் எரிபொருள் இருந்தது. கொச்சி அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் திறக்கவே இல்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, "எரிபொருள் போதும்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுனதா எழுதிருவோம்ண்ணே" என்று கெஞ்சினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அது மட்டும் முடியாதுங்க" என்றீர்கள். நீங்கள் கேட்டதையும் நான் மறுத்ததையும் எழுதினீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை' என்று உங்கள் தலையிலும் நீங்களே போட்டுக்கொண்டீர்கள். என் பயிற்சியாளர் பதவி போயிற்று. உங்கள் பெயரை அடுத்த கேப்டன் பட்டியலுக்குத் தள்ளிவைத்தார்கள். கிறுக்கு மனுசன், யார் கேட்டார் இதை என்று வீட்டில் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன்.

ஒன்றரை மாதம் வேலைக்கு வேண்டிய வார்த்தை தவிர உங்களிடம் பேசவில்லை. ஒருநாள் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் நீங்களே ஆரம்பித்தீர்கள். "கோவமிருந்தா திட்டிருங்க. வாய மூடிட்டு மட்டும் பறக்காதீங்க. நான் அரசியல் பேசறது பொழுதுபோக்குக்குன்னு நெனச்சீங்களா? சாதாரண நாள்ல சண்டை போட்டுப் பழகினாத்தானுங்க, ஆபத்துன்னா வாய் வரும். அன்னைக்கு மும்பையில எனக்கு வரலீங்க." நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் "சரிண்ணே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுவாரம் விடுப்பில் ஊருக்குப் போன நீங்கள், மாரடைப்பில் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த கேப்டன் பட்டியலில் உங்கள் பெயர் மூன்றாவதாக இருந்தது.

துக்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி, அந்த அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானுங்களா அது? 'அந்தப் புள்ள கெட்டிங்க, சொன்ன ஒடனே திருப்பீட்டா, எத்தன பேருக்கு அது வரும்'னு சொல்லீட்டே இருப்பாருங்க" என்றார். நான் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத அந்த நாட்களில் என்னைப் பற்றி நீங்கள் அங்கே இப்படிப் பேசியிருக்கிறீர்கள். அக்கா முன்னால் அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

இப்போதெல்லாம் கையெழுத்துப் போடுமுன் வலது இருக்கையில் இருப்பவரிடம் எரிபொருள் எவ்வளவு வேண்டும் என்று நானே கேட்கிறேன். போதும் என்று சட்டென்று சொன்னால், ஏன் போதும் என்று இன்னொரு முறை கேட்கிறேன். வம்புக்காரி என்று எனக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது.

அன்று நூற்றெழுபத்திரண்டு பயணிகள் எங்களைத் திட்டிக்கொண்டே கோயமுத்தூரில் இறங்கி, பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். நானும் வீடு போய்ச் சேர்ந்தேன். அதற்கு நான் உங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை அண்ணே. கோபமாக இருந்தேன்.