இடப்பக்க இன்ஜினின் காலர்

நான் உங்களை மன்னித்துவிட்டதாக மாதா கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. உங்கள் அடக்கத்துக்கு வந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒரு பிடி மண் போட்டேன். இறந்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று ஒன்று உண்டு, அதைச் செய்தேன். பத்தொன்பது வருடம் உங்களோடு பேசாதவள் குழியருகில் நிற்பதைப் பார்த்து, "அந்தம்மாவுக்குப் பெரிய மனசு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர் அதையே திருப்பிச் சொல்கிறது. என் மனசு பெரியது அல்ல. நான் மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க வேண்டியது எவ்வளவு என்பதே எனக்கு அன்று தெரியாது. போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை உங்கள் மகன் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தான்.

"அப்பா பெட்டிக்கு அடியில இருந்துச்சு அத்தை. உள்ள ஒரு தாளு சுத்தியிருக்கு. அதுல உங்களுக்குக் காட்டணும்னு அப்பாவே எழுதி வச்சிருக்காரு."

மூடியைத் திறந்ததும் பழைய கிரீஸ் வாசனை அடித்தது. எத்தனை வருடமானாலும் அந்த வாசனை எனக்கு மறக்காது. உள்ளே கெட்டித் தாளில் சுற்றிய ஒரு இரும்புக் காலர் இருந்தது. தாளில் இருந்தது என் கையெழுத்து. தாளின் பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி, அது உங்கள் கையெழுத்து. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

லாஞ்சு உங்களுக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய வேகப் படகு. சுதந்திரம் வந்த மறுவருடம் என் வீட்டுக்காரர், இவர், என் நகையை விற்று வாங்கிவந்தார். திருப்பாலைக்குடியில் ஏற்றும் மீன் பாய்மர வத்தையில் மண்டபம் வந்து சேர்வதற்குள் பாதி கெட்டுப்போகும். அந்த லாஞ்சின் வேகம் இருந்தால் மத்தியான ரயிலைப் பிடித்துவிடலாம் என்பது இவருடைய கனவு. ஆனால் வாங்கியபோது அதன் இரண்டு இன்ஜின்களும் உப்பு ஏறி இறுகிக் கிடந்தன. ராணுவப் படகுகளில் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு வந்த நீங்கள், என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர், "ரெண்டையும் ஓட வைக்கிறது என் பொறுப்பு" என்றீர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் நல்ல வேலைக்காரர். அந்த இன்ஜின் ஒரு லாரி இன்ஜினின் உடம்பை எடுத்து, கடலுக்கு ஏற்றபடியும் வேகத்துக்கு ஏற்றபடியும் மாற்றிச் செய்தது என்பதை முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னவர் நீங்கள்தான். கம்பெனியிலிருந்து புதுப் பாகம் வரவழைக்க வழியில்லாத காலம். லாரியில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரிக்க வேண்டியிருந்தது. பார்ட்ஸ் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் அதைக் கான்வென்ட்டில் படித்த என்னிடம் கொடுத்தீர்கள். பாம்பன் கரையில் உங்கள் கீற்றுக் கொட்டகையில், புத்தகத்தின் பக்கங்கள் காற்றில் புரளாமல் ஒரு சங்கைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் நான் ஒரு வரி எழுதினேன். அப்படியே பொருந்துவது, தேய்த்தால் பொருந்துவது, பொருந்தவே பொருந்தாதது. பிஸ்டன் மதுரையில் ஒரு லாரிக் கூட்டிலிருந்து வந்தது. வால்வு ஸ்பிரிங் வேறு வண்டியுடையது, கொஞ்சம் உயரம் அதிகம், அடியில் இருந்த வளையத்தை எடுத்துவிட்டு மாட்டினீர்கள். கேஸ்கட் எங்கும் கிடைக்கவில்லை. கெட்டி அட்டையில் என் பூவேலைக் கத்தரிக்கோலால் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துத் தந்தேன்.

"ஒரு நூல் பிசகலயே! கான்வென்ட்டுன்னா கான்வென்ட்டுதான்" என்றீர்கள்.

அன்று வைத்த பெயர் அது. அன்று அதில் குத்தல் இல்லை. அந்த ஆறு மாதம் என் வாழ்நாளிலேயே நான் அதிகம் பயன்பட்ட காலம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

கடைசியாக மிஞ்சியது இடப்பக்க இன்ஜினின் காலர். சுழலும் தண்டின் பின்முனையில் மோதிரம் போல ஏறும் சின்ன உருளை. அதன் மேல் மரை போல ஒரு பள்ளம் சுற்றிச் சுற்றி ஓடும். கசிந்து வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை, தண்டு சுழலச் சுழல, அந்தப் பள்ளம் உள்ளே தள்ளிவிடும். லாரிகளில் அதே அளவில் ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து என் முன் வைத்தீர்கள். அளந்தேன். எல்லா அளவும் சரி. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

"ஏன் தங்கச்சி? உள்ளளவு சரி, வெளியளவு சரி, அகலம் சரி. மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்குற மாதிரி இதுக்கு ஜாதகமும் பாக்கணுமா?"

கொட்டகையே சிரித்தது. அன்று சங்கு குளிக்கும் சந்தியாகுவும், இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். இவரும் இருந்தார்.

லாஞ்சின் இரண்டு இன்ஜின்களும் ஒரே பக்கம் சுழல்பவை அல்ல. படகு ஒரு பக்கம் இழுக்காமல் நேராக ஓடுவதற்காக, ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் சுழலும்படி செய்திருந்தார்கள். லாரி இன்ஜின் எல்லாம் ஒரே பக்கம்தான். லாரியின் காலரை எதிர்ப்பக்கம் சுழலும் தண்டில் மாட்டினால், எண்ணெயை உள்ளே தள்ள வேண்டிய பள்ளம் வெளியே தள்ளும். இதைப் புத்தகம் சொன்னது. ஆனால் புத்தகத்தைக் காட்டினால் நீங்கள் மறுபடி சிரிப்பீர்கள் என்று தெரியும். அதனால் துருப்பிடித்த பழைய காலரை ஒரு கையிலும் உங்கள் காலரை மறு கையிலும் எடுத்து சந்தியாகுவிடம் நீட்டினேன்.

"ரெண்டும் ஒரே சுழியா, பாத்துச் சொல்லுங்க."

அவர் நகத்தால் தடவிப் பார்த்தார். "இல்லம்மா. பழசு ஊர்ச் சங்கு மாதிரி இடம்புரியாச் சுத்துது. இது வலம்புரி." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஏலே, அண்ணன் லாரிக்குள்ள முங்கி வலம்புரி எடுத்துட்டு வந்துருக்காருலே!" என்றார்.

முதல் சிரிப்பை விட இது பெரிய சிரிப்பு. உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. சுழியைப் பார்க்காமல் பாகம் வாங்கியது நீங்கள்.

இவர் சொன்னார்: "மாத்திருங்க அண்ணே. அவ சொன்னா சரியா இருக்கும்."

இவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டது அதுவே கடைசி.

நான் ஒரு தாளில் படம் வரைந்து, பள்ளம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, லாரிக்குரியது வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தேன். மாதிரிக்குப் பழைய காலரையும் எடுத்துக்கொண்டு மதராஸ் போனீர்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பினீர்கள். நான் கொட்டகைக்கு வந்தபோது இன்ஜின் மூடியிருந்தது.

"கிடைச்சுச்சா அண்ணே?"

"கிடைச்சுச்சு. போட்டும் மூடியாச்சு."

"மூடுறதுக்கு முந்தி எங்கிட்டக் காட்டியிருக்கலாமே."

"நீ சொன்னதத்தான் போட்டிருக்கேன் தங்கச்சி. இதுக்கும் கையெழுத்து வாங்கணுமா?"

பாம்பன் கால்வாயில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. லாஞ்சு தண்ணீரை விட்டு எழும்பி ஓடியதைக் கரையில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. முதல் நெடும் ஓட்டம் திருப்பாலைக்குடியிலிருந்து, வயிறு நிறைய மீனோடு. பாதி வழியில் இடப்பக்க இன்ஜின் இறுகியது. உள்ளே இருந்த எண்ணெய் அத்தனையும் படகின் அடியில் கிடந்தது. பிஸ்டனின் ராடு முறிந்து இன்ஜினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. ஒற்றை இன்ஜினில் லாஞ்சு கோணிக்கொண்டு மண்டபம் வந்து சேர்ந்தபோது ரயில் போய்விட்டது. மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பிளந்த இன்ஜினுக்கு மாற்று உடம்பு எங்கும் கிடைக்கவில்லை. லாஞ்சை விறகு விலைக்குக் கொடுத்தோம்.

அன்று மாலை என் வீட்டு முற்றத்தில் நின்று, இவர் கேட்க, ஊர் கேட்க நீங்கள் சொன்னதை நான் ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன்.

"நான் மொத வாங்குனதே சரி. கான்வென்ட்டு மாத்தச் சொல்லுச்சு, மாத்துனேன். அதான் போச்சு."

"அந்தக் காலரக் காட்டுங்க" என்றேன்.

"அது உருகிப் போச்சு தங்கச்சி. கடல்ல வீசிட்டேன்."

"பழைய காலர் எங்க?"

"மதராஸ் கடைக்காரன் வாங்கி வச்சுக்கிட்டான்."

என் கையில் புத்தகத்தைத் தவிர எதுவும் இல்லை, அந்த ஆங்கிலத்தை என்னை விட்டால் சரியாகப் படித்துச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. சந்தியாகுவிடம் கேட்டார்கள். அவர் இரண்டும் வேறு சுழி என்று பார்த்தவர், எது வேண்டிய சுழி என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் அடம்பிடித்து மாற்றச் சொன்னது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். வீட்டுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மனு எழுத வேண்டுமானால் மாதா கோயிலில் ஊழியம் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் போனார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தபால்காரர் பாதியைத் தப்பாகப் படிப்பார். கருவாட்டு வியாபாரத்தில் கூலிக்கு நின்று இவர் பதின்மூன்று வருடம் ஓட்டினார். ஒரு துண்டுத் தாளைக்கூட என் கையில் தரவில்லை.

அதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. நானே என்னைச் சந்தேகப்பட்டேன். லாஞ்சை வாங்கியவர்கள் புத்தகத்தையும் இன்ஜினோடு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். படத்தை நான் தலைகீழாகப் பார்த்துவிட்டேனோ, தண்டை முன்னாலிருந்து பார்ப்பதற்குப் பதில் பின்னாலிருந்து பார்த்துவிட்டேனோ என்று சமைக்கும்போதும் செபமாலை சொல்லும்போதும் மனசுக்குள் அந்த இன்ஜினைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். சந்தையில் சங்கைக் கண்டால் எடுத்து நகத்தால் தடவுவேன். மருந்துப் புட்டியின் மூடியைக்கூட இருமுறை பார்ப்பேன். என் கண்ணை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்.

சாவுப்படுக்கையில் இவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுச் சாமியார் போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த லாஞ்சு விஷயத்த நான் என்னைக்கோ மன்னிச்சிட்டேன். நீயும் மனசுல வச்சுக்காத."

செய்யாத தவறுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டவள் நான். நிச்சயமாகத் தெரியாதபோது இல்லை என்று எப்படிச் சொல்வது? மன்னிப்பு என்றால் என்னவென்று ஊரார் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

இப்போது டப்பா என் மேசையில் இருக்கிறது. தாளைப் பிரித்துக் காலரை எடுத்தேன். கிரீஸ் துடைக்கப்படவே இல்லை. எந்தத் தண்டிலும் ஏறாத காலர். நகத்தால் தடவினேன். ஊர்ச் சங்கின் சுழி. தாளில் நான் வரைந்த அம்புக்குறி எந்தப் பக்கமோ, பள்ளமும் அதே பக்கம். நான் கேட்டதை நீங்கள் வாங்கித்தான் வந்திருக்கிறீர்கள். இதை டப்பாவில் வைத்துவிட்டு லாரியின் காலரை இன்ஜினில் போட்டு மூடியிருக்கிறீர்கள்.

ஏன் என்று நான் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பென்சில் வரி சொல்கிறது: "சீசன் முடிந்ததும் கான்வென்ட்டுக்குக் காட்ட வேண்டியது."

உங்கள் காலரைப் போட்டு ஒரு சீசன் ஓட்டிவிட்டு, அதே ஆட்கள் கூடியிருக்கும்போது இந்த டப்பாவைத் திறந்து, "இது இல்லாமயே ஓடிச்சு பாருங்கலே" என்று சொல்ல நினைத்திருக்கிறீர்கள். ஒரு சிரிப்புக்கு ஒரு சிரிப்பு. அதற்காக இவருடைய லாஞ்சை வைத்து விளையாடினீர்கள். விளையாட்டு கெட்டதும் பழியை என் மேல் போட்டீர்கள். ஆனாலும் டப்பாவைக் கடலில் வீசவில்லை. அதை வீச மனம் வராததை உங்கள் நல்ல குணம் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். இவர் உயிரோடிருந்த பதின்மூன்று வருடமும் அந்த டப்பா என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறது.

உங்கள் மகன் டப்பாவோடு ஓர் அழைப்பும் கொண்டுவந்தான். விசைப்படகுகளின் டீசல் இன்ஜின் பார்க்கப் புது ஒர்க்ஷாப் கட்டியிருக்கிறான். உங்கள் பெயரை வைக்கிறான். "நீங்கதான் தெறந்து வைக்கணும் அத்தை. அப்பா காலத்து ஆளுக எல்லாரும் வாராங்க" என்றான். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பெயர்ப்பலகை உங்களுடையது.

வருகிறேன். காலரைக் கொண்டுவருவேன், ஒரு சங்கையும் கொண்டுவருவேன். சந்தியாகு இருக்கிறார், அவரும் வருவார், மறுபடி தடவிப் பார்க்கட்டும். இந்த மடலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அங்கே நின்று வாசிப்பேன். காட்ட வேண்டியதைக் காட்ட வேண்டும் என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். இவர் கேட்க முடியாது. அதற்கு நான் உங்களை மன்னிப்பதாக இல்லை.

இதன் பிரதி ஒன்றை உங்கள் மகனுக்கு அனுப்புகிறேன். நான் இதை அங்கே வாசிக்கச் சம்மதமா, இல்லையா என்பதை அவன் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்ப வேண்டும். ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம்.