குறை சொல்லத் தெரியாத விருந்தாளிகள்

மச்சான்,

விடைத்தாள் கட்டைப் பிரித்ததும் முதலில் வந்தது கருவாட்டு வாடைதான். கொழும்புக்குப் போய், பெயர்களை மறைத்து இலக்கம் ஒட்டி, திரும்ப நம் ஊருக்கே திருத்த வந்திருக்கிற கட்டு. அவ்வளவு தூரம் போய் வந்தும் அந்த வாடை போகவில்லை. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, கருவாடு வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். "இல்ல, இங்கிலீஷ்," என்றேன்.

எந்தத் தாளிலிருந்து வருகிறது என்று தேடி எடுத்தேன். எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. பெயரை மறைத்து என்ன பயன், அது உன் எத்தாளை வகுப்பு நூர்ஜஹானின் கையெழுத்து. வாசித்தால், "என் அதிருப்தியை மிகுந்த தயக்கத்துடனேயே தெரிவிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் கடிதம் தொடங்குகிறது. அவளுடைய வசனமா அது? உன்னுடையது. அந்தத் தயக்கத்தை உன்னைத் தவிர வேறு யாரும் அங்கே கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். அடுத்த தாளை எடுத்தேன், அதே வசனம். அதற்கடுத்ததும் அப்படியே. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் மேசையில் கட்டுக் கட்டாக நீ கிடக்கிறாய், நான் உனக்குப் புள்ளி போட வேண்டும். பேனையை மூடி வைத்துவிட்டு வேறு கடதாசி எடுத்தேன்.

சண்டை முடிந்து, நம் புத்தளக் கரையெல்லாம் ஹோட்டல் வரப்போகிறது என்று ஊர் முழுக்கக் கதையாக இருந்த காலம் உனக்கு மறந்திருக்காது. ஒரு நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வகுப்புத் தொடங்கியது. எழுத்துப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் எடுத்தால் புத்தளம் டவுன் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பெரிய ஹோட்டலில் வேலை என்றார்கள். நீ எத்தாளையில் படிப்பித்தாய், நான் பாலாவியில். பரீட்சை முடிந்ததும் நாமிருவரும் எல்லாத் தாள்களையும் தனித்தனியே திருத்த வேண்டும். நம் புள்ளிகள் ஒன்றுக்கொன்று தூரமாகப் போனால் கொழும்பில் இருக்கும் மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்வார். இதுதான் ஏற்பாடு.

நம் புள்ளிகள் எப்போதுதான் கிட்டக்கிட்ட வந்தன? நான் கஞ்சன், நீ ஊதாரி. உன்னை வம்புக்கு இழுப்பதற்கென்றே நாம் திருத்த உட்காரும் பாலாவிப் பள்ளிக்கூட அறைக்கு நான் நேரத்தோடு வருவேன். "மன்னார்ல இருந்து நீங்கெல்லாம் வந்த பிறகுதான் எங்கட கற்பிட்டிக் கழுதைகளுக்கும் கூட்டாளி கிடைச்சிச்சு," என்று, மன்னார் கழுதைக்குப் பேர்போன ஊர் என்பதை வைத்து ஒருநாள் சொன்னேன். நீ தலையைத் தூக்காமலே, "உங்கட கழுதையும் எங்கட ஊர் அகதிதான்டா. விசாரிச்சுப் பாரு," என்றாய். அகதி என்ற சொல்லை என் ஊர்க்காரர்கள் உன் முகத்துக்கு நேரே எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை எடுத்துப் பகிடியாக்க உன்னால் மட்டும்தான் முடிந்தது.

முதற் பரீட்சையின் பெரிய கேள்வி ஒரு முறைப்பாட்டுக் கடிதம். நீங்கள் ஒரு ஹோட்டலில் விருந்தினராகத் தங்கினீர்கள், அறையில் குறைகள் இருந்தன, முகாமையாளருக்கு எழுதுங்கள். கொழும்பில் கேள்வி தயாரித்த அம்மணிக்கு இதைவிட இலகுவான கேள்வி இருந்திருக்காது. நம் பக்கத்து ஆட்களோ அதை வாசித்துவிட்டுத் திகைத்துப்போனார்கள். விருந்துக்குப் போன வீட்டில் யாராவது குறை சொல்வார்களா? கறியில் உப்பில்லாவிட்டாலும் இன்னொரு அகப்பை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு வருகிற சனம் இது.

நூர்ஜஹான் எழுதியதை நீதான் சத்தமாக வாசித்துக் காட்டினாய். முதலில் முகாமையாளருக்கு ஸலாம். பிறகு அவருடைய உம்மாவின் சுகம், பிள்ளைகளின் படிப்பு. அறை நல்ல அறை, காற்று நல்லா வருகிறது. பைப் கொஞ்சம் ஒழுகியது, ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம், என் தம்பியைக் கூப்பிட்டுச் சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டிவிட்டேன். போகும்போது அறையைக் கூட்டிவிட்டுத்தான் போகிறேன். உங்கள் தொழிலில் பரக்கத் உண்டாக துஆச் செய்கிறேன். இவ்வளவையும் முடமான ஆங்கிலத்தில் எழுதி, கீழே பெயரும் போட்டிருந்தாள். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய்.

புள்ளித் திட்டத்தைத் தூக்கிக் காட்டினேன். கேட்டது முறைப்பாடு, இதில் முறைப்பாடே இல்லை, கேட்ட பணியைச் செய்யாவிட்டால் அந்தப் பகுதிக்குப் புள்ளியே இல்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது என்றேன்.

"அவ அங்க என்ன வேலைக்குப் போறா?" என்று கேட்டாய்.

"அறைகளைப் பாக்கிற வேலைக்கு."

"அப்ப அவ அங்க முறைப்பாடு எழுதப் போறாளா, பைப்பக் கட்டப் போறாளா?"

எனக்குப் பதில் இல்லாவிட்டால் கோபம் வரும், அது உனக்குத் தெரியும். "சட்டம் நானா எழுதினேன்?" என்று கத்தினேன். வெளியே சீமெந்து லொறி ஒன்று போனது, நீ மிஞ்சிய வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதத் தொடங்கினாய்.

உன் திருத்தும் முறை எந்தத் திட்டத்திலும் இல்லாதது. தாளை வாசித்து முடித்ததும் நீ சிவப்புப் பேனையை எடுக்க மாட்டாய். மிஞ்சிய வினாத்தாளின் பின்பக்கத்தில் அந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் எழுதுவாய். முகாமையாளராக எழுதுவாய், அதிபராக எழுதுவாய், கேள்விப்படி யாருக்குக் கடிதம் வந்ததோ அந்த ஆளாக மாறி எழுதுவாய். அதற்குப் பிறகுதான் புள்ளி. நான் கேலி செய்தபோது, "கடிதமெண்டா பதில் வரணும். எனக்குப் பதில் எழுத ஏலுமெண்டா அவ எழுதினது விளங்கிட்டு. விளங்கினாப் பாஸ். வேற என்ன வேணும் உனக்கு?" என்றாய். நூர்ஜஹானின் தம்பிக்கு நன்றி சொல்லியும், அடுத்த முறை குடும்பத்தோடு வரச் சொல்லியும் நீ எழுதிய பதிலை நான் வாசித்தேன். அந்தப் பதில்களை யாருக்கும் அனுப்ப முடியாது. போகும்போது குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போவாய்.

கொழும்பின் தீர்ப்பு என் பக்கம் வந்தது. உன் வகுப்பில் அனேகமாக எல்லோரும் பெயில். கருவாடு காயவைக்கிற வாடியில், வெயிலில் நின்று மீனைக் கீறி உப்புப் போடுகிற நூர்ஜஹான் அந்த வகுப்புக்கு வந்தது ஒரே ஒரு ஆசையில்தான். அதை அவள் ஒளித்ததும் இல்லை. "நெழல்ல நின்டு செய்ற வேல ஒன்டு, சேர். வேற ஒன்டும் வேணாம்," என்பாள். பெறுபேறு சொன்ன அன்றைக்கும் அவள் யாரையும் குறை சொல்லவில்லையாம். உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாளாம். அதுதான் உன்னைச் சுட்டது.

நீ நிறுவனத்துக்கு மேன்முறையீடு எழுதினாய். அனுப்புமுன் என்னிடம் காட்டினாய். மச்சான், அப்படியொரு ஆங்கிலத்தை நான் அதற்குப் பிறகும் வாசிக்கவில்லை. ஒரு சொல் கூடுதலில்லை, ஒரு இடத்திலும் குரல் உயரவில்லை, வாசித்து முடித்தால் மனச்சாட்சி உள்ளவன் எழும்பி நிற்பான். என் கஞ்சப் புத்திக்கே முழுப் புள்ளி போடத் தோன்றியது. அனுப்பினாய். மாதக்கணக்கில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுப்புக்கூட வரவில்லை.

அப்போதுதான் ஒருநாள் சொன்னாய். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து முகாமில் இருந்த காலம் முழுக்க ஊராட்களுக்கு மனு எழுதிக் கொடுத்தது நீதானாம். பங்கீட்டுக்கு, பதிவுக்கு, கிணற்றுக்கு. சண்டை முடிந்த பிறகு காணிக்கு. உன் ஊருக்குப் போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் கிணறும் காடும்தான் இருந்தன, அந்தக் காட்டையும் காட்டு இலாகாவின் காடு என்றார்கள். அதற்கும் மனு. "நான் எழுதின ஒண்டுக்கும் பதில் வரல்லடா. இங்கிலீஷ் பிழையெண்டாவது ஆரும் சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்," என்றாய். நீ ஏன் யார் யாருடைய பரீட்சைத் தாளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கி நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை, செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஹோட்டல் திறந்தார்கள். வேலைக்கு வேறு ஊர்களிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சான்றிதழ் இருந்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்று நம்மவர்களுக்குச் சொல்லப்பட்டது. அடுத்த பரீட்சைக்கு முன் ஒருநாள் நான் எத்தாளைக்கு வந்தேன். நீ கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு மாதிரி முறைப்பாட்டுக் கடிதம், மிகுந்த தயக்கத்துடன் தொடங்குவது. பாடமாக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். பாடமாக்குவதை எங்கே கண்டாலும் சண்டைக்குப் போகிறவன் நீ. எழுதி முடிக்கும்வரை வகுப்பின் பக்கம் திரும்பவேயில்லை. வெளியே வந்ததும், "அவங்களுக்கு வேல வேணும்டா. எனக்கு என்ன, கொள்கையா பெரிசு?" என்றாய். அன்றைக்கு நான் கழுதைப் பகிடி விடவில்லை. தோற்றுப்போன ஒருவனை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸ் வருகிறதென்று பொய் சொல்லிவிட்டு நடந்தேன்.

உனக்கு நெஞ்சு வலி வந்தது அடுத்த நோன்புக்கு முன், அதோடு போய்விட்டாய். ஜனாஸாவுக்கு நூர்ஜஹானின் புருஷன் கடலுக்குப் போகாமல் வந்திருந்தான். உன் ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், அங்கே கொண்டுபோய் அடக்கலாமா என்று கதைத்தார்கள். அது நடக்கவில்லை. புத்தளத்து மண்ணில்தான் வைத்தோம், நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு அன்றைக்கு நிறுத்திவிட்டேன். திருத்த வேண்டியதைத் திருத்தி அனுப்பினேன். இடையில் வந்த பரீட்சைகளில் எல்லாம் வேறு கேள்விகள் வந்து நூர்ஜஹான் தேறாமலே போனாள், முறைப்பாட்டுக் கடிதம் திரும்ப வந்தது இந்த முறைதான். உன் கடிதத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்திருந்த நூர்ஜஹானுக்கு அள்ளித்தான் போட்டேன், திட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதில் ஸலாம் இல்லை, தம்பி இல்லை, டியூப் இல்லை. குளிரூட்டி வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாள். அவள் வீட்டில் குளிரூட்டி இருக்கிறதா, இல்லை, ஏதாவது ஒன்றைக் கண்ணால்தான் கண்டிருக்கிறாளா? இந்த முறை கொழும்புக்குப் போகத் தேவை வரவில்லை. உன் இடத்தில் இப்போது திருத்துகிற பிள்ளையும் நானும் ஏறக்குறைய ஒரே புள்ளிதான் போட்டிருந்தோம்.

இப்போது பெறுபேறு வந்துவிட்டது. நேற்றுப் பாலாவிச் சந்தியில் அவளைக் கண்டேன். சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கற்பிட்டி பஸ்ஸுக்கு நின்றாள். வெயில் அவளை நன்றாகக் கறுக்க வைத்திருந்தது. என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தாள்.

"சேர், நான் பாஸ்!"

"ஓம், நல்ல பாஸ். சந்தோசம்."

"எங்கட சேர் இருந்தா எவ்வளவு சந்தோசப்படுவாரு."

"ஓம்," என்றேன்.

ஹோட்டலுக்குப் போய்விட்டுத்தான் வருகிறாளாம். வயது கூடிப்போய்விட்டது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். காவலாளி நல்ல பிள்ளை, குடிக்கத் தண்ணீர் தந்தது என்றாள். பிறகு அந்தப் பொலித்தீனைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இத இனி ஆருக்குக் காட்டுற சேர்?"

குத்திக் கேட்கவில்லை, மச்சான். குத்திக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஊரில் வழி கேட்கிறவளைப் போல, நான் சொன்னால் அங்கே போகலாம் என்ற நம்பிக்கையோடு கேட்டாள். பஸ் வந்தது. "வச்சிக்கொள்ளுங்க, தேவைப்படும்," என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

நீ போன பிறகு ஒவ்வொரு தாளுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் நானும் புள்ளி போடுகிறேன். ஆரிடமும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். நேற்று வந்ததிலிருந்து அவளுடைய கேள்விக்கு ஒரு பதில் எழுதப் பார்க்கிறேன். ஹோட்டலாக இருந்து பார்த்தேன், நிறுவனமாக இருந்து பார்த்தேன், நானாகவும் இருந்து பார்த்தேன். ஒரு வரியும் வரவில்லை.