உன் தீவும் நான் எழுதிய விளக்கக் கடிதமும்

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சீனிக்கிழங்கு அவிக்கிற வாசம் வந்தது. தள்ளுவண்டிக்காரர் பானையின் மூடியைத் திறந்திருந்தார். ஆவி முகத்தில் அடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அடுப்பு மூட்டாமல், பூமிக்குள்ளிருந்து கிளம்பும் ஆவியிலேயே கிழங்கும் முட்டையும் அவித்துச் சாப்பிடுகிற தீவு ஒன்று ஜப்பானில் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இன்னும் உன்மேல் எரிச்சல் வர எனக்கு ஒரு தள்ளுவண்டி போதும்.

நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர்கள். ராஜபாளையத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பத்தாம் வகுப்பை நானும் அந்தப் பக்கம் இன்னொரு பத்தாம் வகுப்பை நீயும் நடத்தினோம். தேர்ச்சி விகிதம் காட்டியது நான். ஆட்டோகிராப் நோட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடியது உன்னிடம். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாம் அந்தத் தீவால் வந்தது. உன் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஒருநாள் உங்கள் வீட்டில் சாப்பிட்டார். என்னையும் கூப்பிட்டிருந்தாய். நமக்கென்ன அங்கே வேலை என்று நான் வரவில்லை. அவர் சாம்பாரின் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தான் பிறந்த ஆவோகஷிமா என்ற தீவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினாராம். வந்திருந்தால் அந்தத் தீவில் பாதி எனக்கும் சொந்தமாகியிருக்கும். வராமல் போனதால் முழுக்க உனக்கே போய்விட்டது.

நீ அதை நடத்தும் விதம் எனக்கு மனப்பாடம். தடுப்பு வழியாக எல்லாமே கேட்குமே. முதலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த இருப்புச் சட்டியை மேஜைமேல் வைப்பாய். அதற்குள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்ப்பாய். சட்டி ஒரு எரிமலை, உள்ளே இருக்கிற கிண்ணம் இன்னொரு எரிமலை. சட்டியின் வெளிப்பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை, அதற்குக் கீழே கடல். டோக்கியோவிலிருந்து தெற்கே முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அப்படியும் நிர்வாகத்துக்கு அது டோக்கியோவைச் சேர்ந்ததுதான், வண்டிகளில்கூட டோக்கியோ நம்பர்தான் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். மொத்தம் இருநூறு பேர்கூட இல்லை. அலை கொஞ்சம் எழும்பினாலும் கப்பல் கரைசேர முடியாது. ஹெலிகாப்டரில் ஒன்பது பேர்தான் ஏறலாம். மேல்நிலைப் பள்ளி கிடையாது என்பதால் பதினைந்து வயதானதும் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்த்தான் படிக்கவேண்டும். இதைச் சொல்லும்போது உன் முன்னால் உட்கார்ந்திருப்பதெல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் மூச்சுவிடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்காது.

பிறகு சரித்திரம். இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மலை வெடித்ததும், பக்கத்துத் தீவிலிருந்து படகுகள் வந்ததும், எல்லோருக்கும் இடம் போதாமல் நூறு பேருக்கு மேல் கரையிலேயே நின்றுபோனதும். நீ தரையில் சாக்பீஸால் படகு வரைவாய். பிள்ளைகள் இடித்துப் பிடித்து அதற்குள் நிற்பார்கள். "நீங்க ஏறுங்கட்டி, நான் இங்கனயே நிக்கேன்" என்று நீ கோட்டுக்கு வெளியே நிற்பாய். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தி அழுவாள். தப்பித்தவர்கள் பக்கத்துத் தீவில் ஐம்பது வருஷம் அண்டிப் பிழைத்தார்கள், இடையில் ஊர் திரும்ப முயன்ற படகுகளைக் கடல் விடவில்லை, கடைசியில் ஊரைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் சேர்ந்துதான் திரும்பிப் போனார்கள் என்று முடிப்பாய்.

"சாம்பலாக் கெடக்குற ஊருக்கு எதுக்கு டீச்சர் திரும்பிப் போனாவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவிய ஊரு அதுதானட்டி. வேற எங்கன போவாவ?" என்றாய்.

அந்த நேரத்தில் நான் இந்தப் பக்கம் ஐரோப்பாவில் நடந்த போருக்குக் காரணங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் வகுப்பு முழுவதும் தடுப்புப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அந்த வருஷம் ஆய்வுக்கு வந்த அதிகாரி என்னிடம் பாடம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். "என் வகுப்புல முடிஞ்சிருச்சு சார். பக்கத்துலதான் ஜப்பான்ல ஏதோ ஒரு தீவுக்கு மூணு பீரியட் போயிருச்சு" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் உனக்கு மெமோ வந்தது. பஸ்ஸில் அதை என் மடியில் போட்டாய். "எந்தப் புண்ணியவதி போட்டுக் குடுத்தாளோ. நீதாம்ட்டி பதில் எழுதித் தரணும். ஒனக்குத்தான் ஆபீஸ் தமிழு வரும்."

எழுதித் தந்தேன். நன்றாகவும் எழுதினேன். உலக எரிமலைகள் பற்றிய பாடத்துக்கு எடுத்துக்காட்டாகவே அந்தத் தீவு சொல்லப்பட்டது என்று உன்னைக் காப்பாற்றினேன். கடிதம் அங்கேயே முடிந்திருக்கலாம். அதற்குக் கீழே யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தேன்: "இனிவரும் காலங்களில் பாடத்திட்டத்தில் இல்லாத எதையும் வகுப்பில் நடத்தமாட்டேன் என உறுதியளிக்கிறேன்."

நீ இரண்டு தடவை படித்தாய். "இதும் வேணுமாட்டி?"

"போட்டாத்தான் ஃபைல மூடுவாவ" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டாய். அதோடு தீவும் போய்விட்டது. மறுவருஷம் பிள்ளைகள் கேட்டபோது, "அங்க கப்பல் போகலட்டி, கடல் சரியில்ல" என்று நீ சொன்னது தடுப்பு வழியாகக் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் அமைதிதான். அப்போதும் என் பிள்ளைகள் என்னைக் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் நாம் சேர்ந்துதான் போய்வந்தோம். மருமகளைப் பற்றிப் பேசினோம், முட்டிவலியைப் பற்றிப் பேசினோம். அந்த வரியைப் பற்றி நீ ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அதிகாரியிடம் சொன்னது நான்தான் என்று உனக்குத் தெரியாது என நம்பிக்கொண்டேன். தெரியாமல் இருக்கிறாளே, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பழைய பிள்ளைகள் வந்திருந்தார்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். சேத்தூரிலிருந்து வந்தவள் செல்போனில் அந்தத் தீவின் படத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். சட்டிக்குள் கவிழ்த்த கிண்ணம், அப்படியே இருந்தது. என்னையும் பார்த்துக் கும்பிட்டார்கள். "நல்லாயிருக்கீயளா டீச்சர்" என்றதோடு சரி. இழவு வீட்டில்கூட எனக்குப் பொறாமைதான் வந்தது, வெட்கமாக இருக்கிறது.

அடுப்படியில் உன் மகள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் அவளிடம் சொல்லிவிட்டேன். அதிகாரியிடம் சொன்னது நான், அந்த வரியை எழுதியதும் நான் என்று.

"தெரியும் சித்தி" என்றாள். "அந்த ஆபீசரே அம்மாட்ட சொல்லிட்டாராம். லெட்டர் எழுதச் சொல்லும்போதே அம்மாவுக்குத் தெரியும்."

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பொறவு ஏன் என்ட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'கேட்டா நாளைக்கு அவ பஸ்ல வேற சீட்டுல போய் உக்காந்துக்கிடுவா. பொறவு நான் யார்கூடப் பேசிக்கிட்டுப் போறது'ன்னாவ."

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டிருப்பேன். அன்று வீட்டுக்கு வந்து, இதிலும் நீயே ஜெயித்துவிட்டாயே என்றுதான் அழுதேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கிற நேரத்திலும் பொறாமை அப்படியே இருக்கிறது. அது போய்விட்டால், தினமும் காலையில் பஸ்ஸில் அந்த அரைமணி நேரம் உன்னை எப்படி நினைத்துக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை.