பச்சையாகத்தான் இருக்கிறது

கோபக்காரிக்கு,

கிணறு ஊறியதும் உங்களைக் கூட்டி வருகிறேன் என்றேன். மழை பெய்து கிணறும் ஊறிவிட்டது. இனி எனக்குச் சாக்கு இல்லை. ஆனாலும் கொஞ்சம் பொறு.

வறட்சியில் பைன் மரங்கள் உள்ளுக்குள்ளேயே வற்றிவிட்டன. தெம்புள்ள மரம், துளைக்க வரும் வண்டைப் பிசினிலேயே மூழ்கடித்துவிடும். இப்போது பிசினே இல்லை. உறைபனியும் விழாததால் பட்டைக்குள் இருந்த புழு ஒன்றுகூடச் சாகவில்லை. மழை வந்துதான் என்ன?

மரத்தடியில் காபித் தூள் மாதிரி மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் வண்டு உள்ளே போய்விட்டது, அந்த மரம் பிழைக்காது. இலை மட்டும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். அப்படிப்பட்ட மரத்தில் நான் சிவப்புப் பெயிண்டால் கோடு போடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் அறுக்கிறார்கள். பேர்தான் வனக்காவலன்.

வண்டைப் பிடிக்க நம் வீட்டுப் பக்கம் வாசனைப் பொறி மாட்டினோம். மதியத்துக்குள் அது நிரம்பி வழிந்தது. இடமில்லாத வண்டெல்லாம் பக்கத்து மரங்களில் ஏறிக்கொண்டன. "நாமளே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிடுச்சுண்ணே" என்றார் ஜீப் ஓட்டுநர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நேற்று போனில் சின்னவள், "அப்பா, என் ஊஞ்சல் மரம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். பச்சையாகத்தான் இருக்கிறது என்று நீயே சொல்லிவிடு. பொய் இல்லை.

பெயிண்ட் டப்பாவை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஊஞ்சலடியைத்தான் காலையிலிருந்து பெருக்கி மாளவில்லை.

உன் காட்டான்