எலும்பு கேட்டது

சௌமிய வருஷம், ஐப்பசி 9

விடாத மழை. சுண்ணாம்புக் காளவாயில் நேற்று ஏற்றிய கிளிஞ்சல் பாதி வெந்ததும் வேகாததுமாக அணைந்துவிட்டது. கோட்டை மதிலைப் பூச இந்த மாதமே சுண்ணாம்பு வேண்டும் என்று ஒலாந்தா துரை குதிக்கிறார். மழையிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கும்பினி உத்தியோகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் நிலைக்கலாம். எனக்கு அது நன்றாகவே வரும்.

தெய்வநாயகிக்கு இடுப்பு வலி. ஐந்தாவது பிள்ளை, ஆறாவது மாதம். இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்கிறாள். மகள் திரௌபதி பின்னாலேயே போய் அதே மாதிரி நடந்து காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். நாயகியும் சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஐப்பசி 15

வாசற்படி ஏற முடியவில்லை அவளால். ஒரே ஒரு படி.

ஐப்பசி 21

இன்று வீட்டில் பெரிய ரகளை. நாயகி வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரலால் வழித்து வழித்துத் தின்றிருக்கிறாள். வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, வெறும் சுண்ணாம்பு. உதடெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கிறது. என் அக்கா பார்த்துவிட்டுத் தெருவே கூடும்படி கத்தினாள். “வயித்துல இருக்கறது வெந்து போயிடும்டீ! வீரராகவா, இவளை இன்னான்னு கேளு!”

கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “வாய் கேக்கலைங்க. எலும்பு கேக்குது.”

பெட்டியைப் பூட்டிச் சாவியை என் அரைஞாணில் முடிந்துகொண்டேன். நாள் முழுவதும் சுண்ணாம்பிலேயே நிற்கிறவன் நான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் வேட்டியை வாங்கி முகர்ந்து பார்க்கிறாள். இத்தனை நாளும் ஏதோ ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை 3

அவள் பாய் ஓரத்துச் சுவரில் நகக்கீறல்கள். வெள்ளையைச் சுரண்டித் தின்கிறாள். அக்கா அந்த இடத்தைச் சாணியால் மெழுகிவிட்டாள்.

கார்த்திகை 11

மழை விட்டு, காளவாய் மறுபடி புகைகிறது. ஏரியில் கிளிஞ்சல் அள்ளும் நாகம்மாள் நனைந்த கூடையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா கணக்குப்புள்ள, மூஞ்சி தொங்கிப்போச்சு?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எட்டுப் பெற்றவள், இரண்டு ஆள் தூக்கும் கூடையைத் தனியாகத் தூக்குகிறாள். “அய்ய, வூட்டுக்குள்ளாறயே பூட்டி வெச்சா எலும்பு இன்னாத்துக்கு ஆவும்? நாங்க வெயில்ல கெடக்கறோம். கேவுரு கூழு குடிக்கறோம். பொடி மீனை முள்ளோட அரைச்சு உள்ள தள்றோம். உங்க வூட்ல இன்னா குடுக்கறாங்க அதுக்கு?”

மிளகு ரசமும் சோறும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சுட்ட உப்பு, பூண்டு. கருவுற்றாலும் பத்தியம், பால் கொடுத்தாலும் பத்தியம். எண்ணிப் பார்த்தால் எட்டு வருஷமாக அவள் பத்தியத்திலேயே இருக்கிறாள்! பால் கபம், தயிர் சளி, கேழ்வரகு சூடு, கீரை மந்தம், வெயில் கண்ணேறு. மிச்சம் என்ன இருக்கிறது?

கார்த்திகை 12

துணிந்து அக்காவிடம் கேட்டேன். மீன் பேச்சை எடுக்கவில்லை, எங்கள் வீட்டில் அது நடக்காது. “ஒரு செம்பு பாலாவது கொடேன் அக்கா. மாடு நம் கொட்டிலில்தானே நிற்கிறது.”

அக்கா மெதுவாகச் சொன்னாள்: “மொதப் புள்ளைய மறந்துட்டியா? பன்னெண்டாம் நாளு இவ தயிரு தின்னா. இருபதாம் நாளு நான்தான் துணியில சுத்திக் குடுத்தேன், உன் கையில.”

மறக்கவில்லை. எனக்கு ஏழு வயதில் அம்மா போனாள். அன்றிலிருந்து என்னை வளர்த்தவள் இவள். பதினாறு வயதில் தாலி அறுத்தவள், எனக்காகவே இருந்தவள். இவளுக்கு என் பிள்ளைகள் மேல் இல்லாத அக்கறையா? வாயைத் திறந்தது அதோடு சரி.

கார்த்திகை 26

நாகம்மாள் வாழைச்சருகில் மீன்பொடி கட்டிக் கொடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு தெருமுனை வரை வந்தேன். நாற்றம் எனக்கே குப்பென்று அடித்தது. திரும்பிப் போய் ஏரியில் போட்டுவிட்டேன். கோழை.

மார்கழி 4

நாகம்மாள் மறுபடி கட்டிக் கொடுத்த மீன்பொடியை இன்று கொடுத்துவிட்டேன். அக்கா திருப்பாலைவனம் கோயிலுக்கு, நாயகிக்காகத்தான், வேண்டிக்கொள்ளப் போயிருந்தாள். என் உள்ளங்கையிலிருந்தே நாயகி தின்றாள். குமட்டும் என்று பயந்தேன், இல்லை. கடைசித் துகள் வரைக்கும் நக்கிவிட்டு, “இன்னும் இருக்கா?” என்றாள்.

மார்கழி 7

நேற்று முன்தினமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திரௌபதி உளறியிருக்கிறாள், குழந்தைக்கு என்ன தெரியும். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்பைக் கழுவினாள், தலைமுழுகினாள், அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இன்று மூன்றாம் நாள். கொல்லையில் சுருண்டு கிடக்கிறாள்.

நாயகி என்னைக் கூப்பிட்டாள். “விட்டுடுங்க. அவங்க செத்துட்டா அந்தப் பாவமும் என் தலையில வரும். என்னால தூக்க முடியாது.”

இனி வீட்டுக்குள் மீன் கொண்டுவர மாட்டேன் என்று விளக்கின் முன்னால் சத்தியம் செய்து கொடுத்தேன். அக்கா எழுந்து கஞ்சி குடித்தாள். நான் யாருக்குத்தான் நல்லவனாக இருந்தேன்?

மார்கழி 19

நாயகி இருமினாள், அவ்வளவுதான். விலாவில் சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

மார்கழி 20

மருத்துவச்சி காசியம்மாள் வந்து தடவிப் பார்த்தாள். முகம் கழுவுகிற சாக்கில் என்னைக் கிணற்றடிக்கு அழைத்தாள்.

“எலும்பு பிஞ்சு முருங்கைக்கா மாதிரி வளையுது ஐயா. முன்னாடி நாலும் சுளுவா வந்துச்சு. இப்போ இடுப்பெலும்பு ரெண்டும் உள்ளாற மடங்கி நிக்குது. புள்ளைக்கு வழி இல்ல.”

“என்ன செய்யலாம்?”

“இனிமேட்டு இன்னாத்த செய்றது? கும்புட்டுக்கோங்க.”

அந்த வெற்றிலைப் பெட்டியை நான் பூட்டாமல் இருந்திருந்தால்? அது அவளுக்கு மருந்தா விஷமா, எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? கேட்டால்தான் யாருக்குத் தெரியும்?

தை 1

பொங்கல் பார்க்க வேண்டும் என்றாள் நாயகி. நானும் காசியம்மாளும் பாயோடு தூக்கி முற்றத்தில் வைத்தோம். பானை பொங்கி, பூஜை முடிந்து, எல்லாரும் உள்ளே போன பிறகும் “இங்கயே இருக்கேனே” என்றாள். அக்கா வாயைத் திறந்தாள், நாள் நல்ல நாள் என்று மூடிக்கொண்டாள். உச்சி வரைக்கும் வெயிலில் கிடந்தாள். மூடிய கண்ணிமை மேல் வெயில். இத்தனை வருஷத்தில் அவளை இவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு வெளுத்துப்போயிருக்கிறாள்.

தை 9

தினமும் முற்றம். வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறாள். எனக்காகச் சொல்கிறாளோ?

தை 23

விடியற்காலையில் நோவு கண்டது.

தை 24

இன்னும் இல்லை. காளவாய்க்குப் போகவில்லை. ஒலாந்தா துரை ஆள் அனுப்பினார். என்ன சொல்லி அனுப்பினேன் என்று நினைவில்லை. உள்ளே அவள் கத்தினால் பயமாக இருக்கிறது, கத்தாவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக அசையவில்லை.

தை 25

ஆண். அழவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளும்—

தை 27

இன்று பால் தெளிப்பு. மயானத்தில் வெட்டியான் பெரியசாமி சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தான். கால் முதல் தலை வரை எலும்பை வரிசையாகப் பொறுக்கிக் கலயத்தில் போட வேண்டும். “இன்னா சாமி இது, ஒண்ணுமே நிக்கல. தொட்டா பொடிஞ்சு போவுது,” என்றான். கிடைத்தது ஒரு கைப்பிடி. அதை நிலத்தில் பரப்பிப் பாலை ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். சாம்பல் உடனே குடித்துவிட்டது. இன்னும் ஊற்று என்றார்கள். செம்பு காலியாகிவிட்டது. தண்ணீரைக் கலந்து ஒப்பேற்றினோம்.

வீட்டுக்கு வந்து வெறும் செம்பை அக்காவிடம் கொடுத்தேன். அழுது அழுது அவள் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. செம்புக்குள் பார்த்தாள்.

“பத்தலையாடா? இன்னும் ரெண்டு செம்பு பால் இருந்துதே. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

கேட்டேன் அக்கா. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.