கழகத்தைக் கலகமாக்கிய கைபேசி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
செயலாளர், மாலை வாசிப்புக் கழகம்,
மூன்றாம் மாடி, கடைசி வீடு.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர்,
கைபேசி நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: காண அழகாயினும் நம்ப இயலாத கைபேசி – ழகரத்தை லகரமாக எழுதுதல் – சரிசெய்து தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா (அம்மையாராக இருப்பின் பொறுத்தருள்க),

தங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. கைபேசியின் அழகு
2. மின்னேற்றம் நிற்காமை
3. ழகரம் வராமை
4. இவற்றால் நேர்ந்தது
5. வேண்டுகோள்

1. அழகில் எனக்குக் குறையே இல்லை. குறையற்ற இடத்தில் தொடங்குவது மரியாதை என்று எண்ணினேன். மகள் வாங்கித் தந்தது. மயில்கழுத்து நிறம். முதுகுப்புறம் கண்ணாடிபோல மின்னும். என் மனைவி அதைப் பார்த்துத்தான் தலை வாருகிறாள். அதை எடுக்காமல் கடைக்குப் போனால், "என்ன சார், மாப்பிள்ளை இன்னைக்கு வரலையா?" என்று காய்கறிக்காரர் விசாரிக்கிறார். ஆனால் வழுவழுப்பு அதிகம். மேசைமேல் வைத்தால் யாரும் தொடாமலே நகர்ந்து விளிம்புக்குப் போய் நிற்கிறது. (எங்கள் மேசை சாய்ந்திருக்கலாம். இதை நான் வலியுறுத்தவில்லை.)

2. மின்னேற்றம் பாதி இருப்பதாகக் காட்டும். நம்பிப் பேசத் தொடங்கினால் "அப்புறம்" என்பதற்குள் அணைந்துவிடும். மகளிடம் இதுவரை "சரிம்மா, வைக்கட்டுமா" என்று ஒருமுறைகூட முறையாக விடைபெற்றதில்லை. "மாமாவுக்கு என்மேல ஏதாவது கோவமா?" என்று மருமகன் அவளிடம் கேட்டிருக்கிறார்.

3. திரையின் எழுத்துகள் என் விரலுக்குச் சிறியவை. எனவே பேசினால் எழுதும் வசதியைப் பயன்படுத்துகிறேன். மற்ற எழுத்துகளெல்லாம் ஒழுங்காக வருகின்றன. ழகரம் மட்டும் வருவதில்லை. "மழை வரும்போல" என்றால் "மலை வரும்போல" என்கிறது. விழாவுக்கு வருகிறேன் என்றால் விலாவுக்கு அனுப்பிவிடுகிறது. அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் பிறர் பிழையைத் திருத்தியவன் நான். என் பெயரிலேயே பிழை போவது உறுத்துகிறது.

4. எங்கள் குடியிருப்பின் மாடி அறையில் சிலர் கூடிப் புத்தகம் வாசிப்போம். "சிலர்" என்றது பெருமைக்காக. பெரும்பாலும் நானும், தூங்குவதற்காக வரும் ஓய்வுபெற்ற ஓட்டுநரும்தான். அடுத்த கூட்டத்துக்கும் ஆள் வராவிட்டால் அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிடப்போவதாகக் குடியிருப்பு மேலாளர் அறிவித்தார். வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் அந்த அறை ஒன்றே.

கதவு கதவாகத் தட்டி அழைக்க எனக்குக் கூச்சம். கைபேசியில் குடியிருப்பினர் அனைவருக்குமாக, "இன்று மாலை மாடி அறையில் கழகம் கூடும். தவறாமல் வருக" என்று சொன்னேன். மின்னேற்றம் சிவப்பில் இருந்தது. அணையுமுன் அனுப்பும் அவசரத்தில், மெய்ப்புப் பார்க்காமல் விட்டுவிட்டேன். "இன்று மாலை மாடி அறையில் கலகம் கூடும்" என்று போய்ச் சேர்ந்தது. கைபேசி உடனே அணைந்ததால், விளக்கம் கேட்டவர்களுக்குப் பதிலும் இல்லை.

மாலையில் அறைக்குள் நிற்க இடமில்லை. செவிலியர் முதலுதவிப் பெட்டியோடு வந்திருந்தார். "நம்ம புத்தக சார் கலகம் பண்றாராம், இதைப் பார்க்காம எப்படி?" என்று தையற்காரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். முதல் மாடிப் பெரியவர் "யாரு யாரை அடிச்சாங்க?" என்று விசாரித்து, ஒன்றுமில்லை என்றதும் வாடிப்போனார். மேலாளர் காவலாளியோடு மூச்சிரைக்க ஓடிவந்து, என்னைப் பார்த்து, "சார், நீங்களா சார்?" என்றார்.

பயத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றாமல், கையிலிருந்த திருடன் கதையைத் திறந்து உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டேன். திருடன் சுவரேறும் இடம் வந்தபோது ஒருவரும் அசையவில்லை. ஓட்டுநர்கூட விழித்திருந்தார். நின்றபடியே கடைசிவரை கேட்ட மேலாளர், "உடைஞ்ச நாற்காலியை எல்லாம் சரிபண்ணி இங்கயே போட்டுடறேன் சார், கால் வலிக்குது" என்றார். அறை எங்களுக்கே நிலைத்தது.

இப்போது மின்தூக்கியில் பார்ப்பவர்களெல்லாம் "அடுத்த கலகம் எப்போ சார்?" என்கிறார்கள். பெயரையே அப்படி மாற்ற வாக்கெடுப்பு நடந்தது. எதிராக எழுந்தது என் கை மட்டுமே. அதுவும் பாதிதான் உயர்ந்தது.

5. ஆகவே மின்னேற்றத்தைச் சரிசெய்தும், ழகரத்தைக் கற்பித்தும் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பழுதுபார்க்க எடுத்துக்கொண்டாலும் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தந்தால் நலம். நிறத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று மனைவி சொல்லச் சொன்னாள்.

இடம்: மாடி அறை
நாள்: புதன்கிழமை

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்தும்,
(கையொப்பம்)
செயலாளர், மாலைக் கலகம்
(எழுத்துப் பிழை அன்று)

பின்குறிப்பு: உறையில் இடுமுன் இம்மனுவை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் எண்ணில் நிறுத்தினாள். "நீங்க ரெண்டு தடவையும் மலைன்னுதான் சொல்றீங்க. அந்தப் புதுப் பல்செட்டைக் கழட்டிட்டுச் சொல்லுங்க" என்றாள். மேலண்ணத்தை மூடும் பல்செட் அது. கைபேசி வந்த அதே வாரம் கட்டியது. கழற்றிவிட்டு "கழகம்" என்றேன். "கழகம்" என்றே கைபேசி எழுதியது. நாக்கு போய் வளைய வேண்டிய இடத்தைப் பல்செட் அடைத்திருக்கிறது. எனவே மூன்றாம் எண்ணில் சொன்ன குறை தவறு. அதை அடித்துவிட வேண்டுகிறேன். கைபேசி நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறது. ஆயினும், அடுத்த கூட்ட அறிவிப்பைப் பல்செட்டோடுதான் சொல்வதாக இருக்கிறேன்.